நோயாளியோடு போகாத அறிக்கை

மருத்துவமனைகளின் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், அவற்றின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்றவன் நான். நோயாளியின் முகத்தை ஒருநாளும் பாராமல், அவருடைய இரத்தத்திலும் சிறுநீரிலும் சளியிலும் சீழிலும் வளரும் பாக்டீரியாவை மட்டுமே பார்த்துப் பழகிய வேலை அது. அந்த வேலையில் இருந்தபோது கண்ட ஒரு குறையைப் பற்றியே எழுதுகிறேன். புதிய கட்டடமோ புதிய இயந்திரமோ கேட்கவில்லை. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு செய்தி, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவதில்லை என்பதே என் முறையீடு.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டிருந்த முதியவர் ஒருவரின் மாதிரியில் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா வளர்ந்திருந்தது. மருந்து தோய்ந்த சிறு வட்டுகளை வைத்த தட்டை மறுநாள் எடுத்துப் பார்த்தபோது, எந்த வட்டைச் சுற்றியும், மருந்து வேலை செய்தால் தெரியும் வெற்றிடம் இல்லை. ஒவ்வொரு வட்டின் விளிம்பு வரைக்கும் பாக்டீரியா நெருங்கி வந்து படர்ந்திருந்தது. கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துகளுக்கும் அது பணியவில்லை. அறிக்கையைத் தட்டச்சு செய்து அனுப்பினோம். அது வார்டுக்குப் போனது மாலையில். காய்ச்சல் தணிந்துவிட்டதால் அவரை வீட்டுக்கு அனுப்பியது அன்று காலையில். அறிக்கை கோப்பில் சேர்ந்தது, கோப்பு ஆவண அறைக்குப் போனது. சில வாரங்கள் கழித்து வேறொரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் பணிபுரிந்த நண்பர் தொலைபேசியில் அழைத்து, இப்படியொரு கிருமி உங்களிடம் வந்ததுண்டா என்று கேட்டபோதுதான், அந்த முதியவர் அங்கே இரத்தத்தில் தொற்றோடு சேர்ந்திருந்தார் என்பது தெரிந்தது. அங்கிருந்த மருத்துவர்கள் கார்பபெனெம் வகையைச் சேர்ந்த மெரோபெனெம் கொடுத்துத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பார்கள். அது பயனற்றது என்று அவர்களுடைய ஆய்வகம் கண்டுபிடிக்க மூன்று நாட்கள் ஆயின. எங்கள் கோப்பில் அந்த விவரம் முன்பே இருந்தது.

அவர் பிழைக்கவில்லை. அறிக்கை அவரோடு போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. வயதும் நோயும் அவருக்கு எதிராகவே இருந்தன. ஆனால் அந்த மூன்று நாட்கள் மிஞ்சியிருக்கும்.

மேலே போகுமுன் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆன்டிபயாடிக்கை நுண்ணுயிர் எதிர்ப்பி என்றும், அதற்கு அடங்காத பாக்டீரியாவின் தன்மையை நுண்ணுயிர் எதிர்ப்புத்திறன் என்றும் எழுதுகிறோம். எது எதை எதிர்க்கிறது என்று படிப்பவர் திகைத்தால் குற்றம் அவருடையதாகாது. இதைவிடப் பெரிய குழப்பம் பேச்சில் இருக்கிறது: “உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது” என்கிறோம். பழகியது உடம்பன்று. உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியா மாறியிருக்கிறது. அந்த மாறிய பாக்டீரியா, ஆன்டிபயாடிக்கையே தொட்டறியாத இன்னொருவருக்கும் போய்ச் சேரும். நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் இந்த ஒரு வேறுபாட்டை யாரும் விளக்கிச் சொல்லாததால், “நான்தான் மருந்தே சாப்பிடுவதில்லையே, எனக்கு எப்படி வரும்?” என்ற கேள்வி இன்னும் எழுந்துகொண்டே இருக்கிறது. இம்மடலில் மருந்தை ஆன்டிபயாடிக் என்றும், பாக்டீரியாவின் அடங்காமையை மருந்து எதிர்ப்பு என்றும் எழுதுகிறேன்.

மூன்று நாட்கள் ஏன் ஆகின்றன என்று ஆய்வகத்துக்கு வெளியே இருப்பவர்கள் கேட்பதுண்டு. இரத்த மாதிரிப் புட்டியில் பாக்டீரியா பெருகி, இயந்திரம் அதை உணர்ந்து அறிவிப்பதற்குப் பெரும்பாலும் ஒரு நாள் வரை ஆகும். அதிலிருந்து ஒரு துளியைச் சாயமேற்றிப் பார்த்தால், சாயத்தை ஏற்கும் விதத்தைக் கொண்டு கிராம் நெகட்டிவா பாசிட்டிவா, கோல் வடிவமா கோள வடிவமா என்பது தெரியும், பெயர் தெரியாது. தட்டில் தடவி இரவு முழுக்க வளரவிட்ட பிறகே தனித்தனிக் குடியிருப்புகள் கிடைக்கும். அவற்றிலிருந்து எடுத்து, கலங்கலைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து, முல்லர்-ஹின்டன் என்ற வளர்ப்பு ஊடகத் தட்டில் பரப்பி, மருந்து வட்டுகளை வைத்து, மேலும் 16 முதல் 18 மணி நேரம் காத்திருந்து, வட்டைச் சுற்றி பாக்டீரியா வளராத வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். மரபணுவை நேரடியாகத் தேடும் சோதனைகள் இந்தக் காத்திருப்பைச் சில மணி நேரமாகச் சுருக்கியிருக்கின்றன. அவை எல்லா இடங்களிலும் இல்லை. ஆகவே முதல் வேளை மருந்தை மருத்துவர் ஊகத்தில்தான் எழுதுகிறார். அந்த ஊகத்துக்கு ஆதாரமாக அவருக்குக் கிடைக்கக்கூடியவை இரண்டு: இந்த நோயாளியிடம் முன்பு என்ன கிருமி இருந்தது என்ற விவரம், இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிருமி எந்த மருந்துக்குப் பணிகிறது என்ற கணக்கு. இரண்டும் உங்கள் ஆய்வகத்தில் இருக்கின்றன.

இரண்டாவது கணக்குக்கு ஆன்டிபயோகிராம் என்று பெயர். ஓர் ஆண்டில் வளர்ந்த ஈ. கோலை பாக்டீரியாவில் எத்தனை விழுக்காடு இன்ன மருந்துக்குப் பணிந்தது என்று காட்டும் ஒற்றைப் பக்க அட்டவணைதான் அது. தயாரிப்பதற்கு விதிமுறைகள் உண்டு: ஒரே நோயாளியிடமிருந்து பலமுறை மாதிரி வந்தாலும் முதல் கிருமியை மட்டுமே எண்ண வேண்டும், ஓர் இனத்தில் 30 மாதிரிகளுக்குக் குறைவாக இருந்தால் விழுக்காடு சொல்லக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் மாதிரிகளையும் புறநோயாளிகளின் மாதிரிகளையும் ஒரே பானையில் கொட்டிக் கலக்குவது தவறு. இன்னொரு நுட்பமும் உண்டு. வெளியே பணிபுரியும் மருத்துவர் பெரும்பாலும் முதல் மருந்து பலிக்காத பிறகே கல்ச்சர் பரிசோதனைக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புவார். எனவே புறநோயாளிகளின் அட்டவணை உண்மை நிலையைவிட மோசமான படத்தைக் காட்டும். அப்படிக் காட்டுகிறது என்ற அடிக்குறிப்போடு வெளியிட்டால் போதும். அதைக் காரணம் காட்டி அட்டவணையை மேசை அறைக்குள் பூட்டி வைக்க வேண்டியதில்லை. நாங்கள் ஆண்டுதோறும் தயாரித்த அட்டவணை, தரச்சான்று ஆய்வாளர்கள் வரும் நாளில் மட்டும் கோப்பிலிருந்து வெளியே வந்தது. சுற்றியுள்ள சிறு மருத்துவமனைகளுக்கும் தனியே தொழில் செய்யும் மருத்துவர்களுக்கும் அது ஒருமுறைகூடப் போனதில்லை.

இது மருத்துவமனைக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி, வெளியாருக்கு எதற்கு என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. மருத்துவமனைக் கிருமி, சமூகக் கிருமி என்று பிரித்துப் பேசுவது ஒரு காலத்தில் ஓரளவு பொருந்தியது. மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக் 1959இல் புழக்கத்துக்கு வந்து, 1961இலேயே அதற்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பிரிட்டனில் கண்டறியப்பட்ட பிறகு, எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற அந்தக் கிருமி பல ஆண்டுகள் பெரும்பாலும் மருத்துவமனை வாசிகளையே தாக்கிவந்தது. 1999இல் அமெரிக்காவின் மின்னசோட்டா, வட டக்கோட்டா மாநிலங்களில், மருத்துவமனைத் தொடர்பு எதுவும் இல்லாத நான்கு குழந்தைகள் எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்றால் இறந்த செய்தி வெளிவந்ததோடு அந்தக் கோடு அழியத் தொடங்கியது. ஈ.எஸ்.பி.எல். என்னும் நொதியைச் சுரந்து செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குகளைச் சிதைக்கும் ஈ. கோலையின் கதையும் இப்படித்தான்: 1980களில் மருத்துவமனைகளில் தென்பட்டது, 2000க்குப் பிறகு சாதாரணச் சிறுநீர்த் தொற்றோடு வீட்டிலிருந்து வருபவர்களிடமே உலகெங்கும் காணப்பட்டது.

வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே இந்தக் கிருமிகளைச் சுமந்து செல்பவர்களில் பெரும்பாலோர் நோயாளிகளாகவே இருப்பதில்லை என்பதுதான் இதில் சிக்கலான பகுதி. மருந்து எதிர்ப்புள்ள ஈ. கோலையோ கிளெப்சியெல்லாவோ குடலில் எந்தத் தொல்லையும் தராமல் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். நெதர்லாந்தைச் சேர்ந்த சுமார் 2,000 வெளிநாட்டுப் பயணிகளைத் தொடர்ந்து கண்காணித்து 2017இல் வெளியான ஆய்வில், புறப்படும்போது ஈ.எஸ்.பி.எல். கிருமி இல்லாதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் திரும்பும்போது அதைக் குடலில் கொண்டுவந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு ஒரு மாதத்துக்குள் அது மறைந்துவிட்டது. பத்தில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோரிடம் ஓராண்டு கழித்தும் இருந்தது. வீட்டில் இருந்த மற்றவர்களுக்குப் பரவியதற்கும் தடயம் கிடைத்தது. இவர்களில் எவரும் ஆய்வுக்கு உட்படாமல் இருந்திருந்தால் தம்மிடம் இது இருப்பதை அறிந்திருக்கப் போவதில்லை. நாளை அவர்களுக்கு ஓர் அறுவை சிகிச்சையோ, புற்றுநோய் மருந்தால் வெள்ளையணுக்கள் குறையும் நிலையோ வந்தால், குடலில் அமைதியாக இருந்த அதே கிருமி இரத்தத்தில் இறங்கக்கூடும்.

இங்கே ஆய்வக அறிக்கையில் பாக்டீரியாவின் பெயர் மட்டும் இருந்தால் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜப்பானில் 1950களில் வயிற்றுக்கடுப்பு நோயாளிகளிடம் ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கு அடங்காத ஷிகெல்லா என்ற பாக்டீரியா காணப்பட்டபோது, அதே எதிர்ப்பு அவர்களுடைய குடலில் இருந்த ஈ. கோலையிலும் காணப்பட்டது. எதிர்ப்புத் தன்மை ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குக் கைமாறுகிறது என்பதை அந்நாட்டு ஆய்வாளர்கள் 1959இல் காட்டினார்கள். குரோமோசோமுக்குப் புறம்பாக வளையமாக இருக்கும் பிளாஸ்மிட் என்னும் டி.என்.ஏ. துண்டு ஒரு பாக்டீரியாவிலிருந்து அடுத்ததற்குச் செல்கிறது. பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் அதில் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கலாம். ஆகவே இங்கே கிளெப்சியெல்லாவாகப் பதிவான எதிர்ப்பு, அங்கே ஈ. கோலையாகத் தலைகாட்டக்கூடும். எந்த நொதி, எந்த மரபணு என்று தெரிந்திருந்தால் அதையும் அறிக்கையில் எழுதி அனுப்புவது அடுத்த மருத்துவருக்குப் பேருதவி. புதிதாக வந்த மருந்துக் கூட்டுகள் சில ஒரு நொதியை முடக்கும், இன்னொன்றை முடக்கா.

செய்தி போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. 2011 ஜூனில் அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனங்களின் மருத்துவமனைக்கு, நியூயார்க்கிலிருந்து ஒரு நோயாளி மாற்றப்பட்டு வந்தார். அவரிடம் கார்பபெனெமுக்கு அடங்காத கிளெப்சியெல்லா இருப்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. தனி அறையில் வைத்துக் கடுமையான முன்னெச்சரிக்கைகளை எடுத்தார்கள். அவர் வீடு திரும்பிவிட்டார். மூன்று வாரங்கள் எந்த அறிகுறியும் இல்லை. பிறகு ஒருவர், அடுத்து இன்னொருவர் என்று மொத்தம் 18 பேரிடம் அந்தக் கிருமி கண்டறியப்பட்டது; 11 பேர் இறந்தார்கள், அவர்களில் ஆறு பேரின் மரணத்துக்கு அத்தொற்றே காரணம் என்று மதிப்பிட்டார்கள். பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை முழுவதுமாகப் படித்து, யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்று வரைந்து பார்த்தபோது, எல்லாம் அந்த முதல் நோயாளியிடமிருந்தே கிளம்பியது தெரிந்தது. நோயில்லாமல் கிருமியை மட்டும் சுமந்தவர்கள் நடுவே கண்ணிகளாக இருந்திருக்கிறார்கள். கைகழுவும் தொட்டிகளின் வடிகால்களிலும், சுத்தம் செய்யப்பட்ட ஒரு வென்டிலேட்டரிலும் அதே கிருமி இருந்தது.

அந்த மருத்துவமனை தன்னிடம் நேர்ந்ததை ஆராய்ந்து எழுதியதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அந்தக் கட்டுரை இல்லையென்றால் வடிகால் துளைகளைப் பற்றி நம்மில் பலர் யோசித்தே இருக்க மாட்டோம். ஆனால் பொதுமக்களுக்கு அச்செய்தி தெரியவந்தது 2012 ஆகஸ்டில், அந்த ஆய்வுக்கட்டுரை வெளியானபோதுதான். ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. உலகின் சிறந்த ஆய்வு மருத்துவமனைகளில் ஒன்றிலேயே இந்தத் தயக்கம் இருந்தது என்றால், மற்ற இடங்களில் அது இருப்பதில் வியப்பில்லை.

தயக்கத்தை விட்டுவிட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கும் சான்று உண்டு. இஸ்ரேலில் 2006இல் இதே வகையான, கார்பபெனெமுக்கு அடங்காத கிருமி நாடு முழுவதும் பரவத் தொடங்கி, 2007 மார்ச் இறுதிக்குள் 27 மருத்துவமனைகளில் 1,275 பேரைத் தொட்டுவிட்டது. ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியே போராடித் தோற்ற பிறகு, சுகாதார அமைச்சகம் கட்டாய விதிகளைக் கொண்டுவந்தது: கிருமி உள்ள ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அறிவிக்க வேண்டும், அவர்களைத் தனியிடத்தில் வைக்க வேண்டும், அவர்களைக் கவனிக்கத் தனிச் செவிலியர்கள் வேண்டும். ஒரு மையக் குழு விவரங்களை வாங்கி, மருத்துவமனைகளுக்கு நேரில் சென்று பார்த்து, குறைகளை மேலிடத்துக்கே நேரடியாகச் சொன்னது. ஒரு லட்சம் நோயாளி-நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி-நாள்) மாதந்தோறும் 55.5 ஆக இருந்த புதிய தொற்றுகள் 2008 மே மாதத்தில் 11.7 ஆகக் குறைந்தன. புதிய மருந்து எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

இங்கிலாந்தில் இரத்தத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்று ஏற்படும் ஒவ்வொரு நிகழ்வையும் அறிவிப்பது 2001 முதல் கட்டாயமானது. எண்ணிக்கைகள் மருத்துவமனைக் குழும வாரியாக, பெயரோடு வெளியிடப்பட்டன. 2003-04இல் ஏறத்தாழ 7,700 ஆக இருந்ததை 2008க்குள் பாதியாக்க வேண்டும் என்று 2004இல் இலக்கு வைத்தபோது நம்பியவர்கள் குறைவு. இலக்கு எட்டப்பட்டது, எண்ணிக்கை பின்னர் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. கைச் சுத்தம், குழாய் செருகும் முறை, சேர்க்கையின்போதே பரிசோதனை என்று பல நடவடிக்கைகள் ஒன்றுசேர்ந்து தந்த பலன் அது. எண்ணிக்கையை வெளியிட்டது மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் எண்ணிக்கை வெளியே தெரிந்த பிறகுதான் மற்றவற்றுக்குப் பணமும் ஆளும் அதிகாரமும் கிடைத்தன என்பது என் கருத்து.

உங்கள் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. நேர்மையாகத் தேடும் மருத்துவமனையின் எண் பெரிதாகத் தெரியும். கல்ச்சர் பரிசோதனையே செய்யாத மருத்துவமனையின் எண் பூஜ்யம். செய்தித்தாளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் தேடியவருக்குத்தான் தண்டனை. இந்த அநீதியைத் தவிர்க்க வழியிருக்கிறது: தொற்றுகளின் எண்ணிக்கையோடு, ஆயிரம் நோயாளி-நாட்களுக்கு எத்தனை இரத்த மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டன என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும். அந்த இரண்டாவது எண் மிகச் சிறியதாக இருந்தால் முதல் எண்ணின் பெருமைக்குப் பொருளில்லை என்பது படிப்பவர் எவருக்கும் விளங்கும். எல்லோரும் ஒரே நாளில், ஒரே முறையில் வெளியிட்டால் முதலில் பேசியவர் மட்டும் அடிபடும் நிலையும் வராது.

இதைவிட ஆழமான கவலை நோயாளியைப் பற்றியது. அவருடைய தாள்களில் இந்தக் கிருமியின் பெயரை எழுதிவிட்டால், அடுத்த மருத்துவமனை அவரைச் சேர்த்துக்கொள்ள மறுக்கும், முதியோர் இல்லம் கதவைச் சாத்தும், உறவினர் ஒதுக்குவர் என்று சில மருத்துவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நடக்கக்கூடியதுதான். ஆனால் மறைப்பதால் அவர் காக்கப்படுவதில்லை. அவருக்குப் பயன்படாத மருந்து ஏறும்போது அந்த மறைப்பு அவருக்கு எதிராகவே திரும்புகிறது. ஒதுக்குதலைத் தடுக்கும் கடமை நிர்வாகத்துக்கு உரியது. கிருமி இருப்பதைக் காரணம் காட்டி எவரையும் திருப்பி அனுப்புவதில்லை என்று எழுத்தில் அறிவித்துவிட்டு, அதன் பிறகு விவரத்தைத் தாளில் எழுதுங்கள். தாள் நோயாளியின் கையில் இருக்கட்டும். யாரிடம் காட்டுவது என்பது அவர் முடிவு. பொது அட்டவணையில் எவருடைய பெயரும் இருக்க வேண்டிய தேவையே இல்லை.

என் சொந்தத் துறையையும் விட்டுவிட்டுப் பேசுவது நியாயமாகாது. ஆய்வகத்தார் எழுதும் அறிக்கை, இன்னோர் ஆய்வகத்தார் மட்டுமே படிக்கத்தக்கதாக இருக்கிறது. இருபது மருந்துகளின் பெயர்கள், பக்கத்தில் பணியும், இடைநிலை, பணியாது என்பதைக் குறிக்கும் எஸ், ஐ, ஆர் என்ற எழுத்துகள். நள்ளிரவில் பயிற்சி மருத்துவர் அதைப் பார்த்து எதைக் கொடுப்பது என்று தேடும் நிலையில் வைக்கிறோம். அதைவிட மோசம், அபாயமான கிருமி வளர்ந்த அன்று தொலைபேசியை எடுத்து வார்டை அழைக்காமல், அறிக்கை தானாகப் போய்ச் சேரும் என்று விட்டுவிடுவது. முன்பு சொன்ன முதியவரின் அறிக்கையில் கையெழுத்திட்டவன் நான்தான். அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டார் என்பதை விசாரித்து, அவர் வீட்டு எண்ணுக்கு அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. அழைக்க வேண்டும் என்று எந்த விதியும் அப்போது இல்லை என்பது ஒரு சமாதானம்தான். அந்த விதியை இயற்றுங்கள் என்று உங்களிடம் கேட்கிறேன்: நோயாளி வெளியேறிய பிறகு வரும் முக்கியமான அறிக்கைக்கு ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும், அழைத்த நேரமும் எடுத்தவர் பெயரும் பதிவாக வேண்டும்.

மருந்தைக் கையாளும் விதத்தைப் பற்றிப் பிறர் நிறைய எழுதிவிட்டார்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் வேளை ஆன்டிபயாடிக்குக்கு முன்பே இரத்த மாதிரியை எடுக்காவிட்டால், இதுவரை நான் சொன்ன எதற்கும் அடிப்படையே இல்லை. மருந்து ஏறிய பிறகு எடுத்த மாதிரியில் பல நேரங்களில் ஒன்றும் வளராது, வளராததைத் தொற்றில்லை என்று யாரும் நம்பவும் மாட்டார்கள், அகன்ற வீச்சுள்ள மருந்து நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் தடுப்பாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கை, அறுவை முடிந்த பிறகும் தொடர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் வழிகாட்டியது. தையல் பிரிக்கும் நாள் வரை அதை எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. இரத்தத் தொற்றுக்கு ஏழு நாள் சிகிச்சையும் பதினான்கு நாள் சிகிச்சையும் ஒப்பிடப்பட்டு, 3,600க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஏழு நாள் எவ்விதத்திலும் தாழ்ந்ததாக இல்லை என்று 2024இல் வெளியான பேலன்ஸ் ஆய்வு காட்டியது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தொற்றும் கடுமையாக எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை என்பதை மறக்கக் கூடாது. “எழுதிக்கொடுத்ததை முழுவதும் சாப்பிடு” என்று நோயாளிக்கு ஓயாமல் சொல்லும் நாம், எழுதிக்கொடுத்த நாள்கணக்கு சரியா என்று நம்மை அதே அளவுக்குக் கேட்டுக்கொண்டதில்லை.

தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவரிடம் குறிப்பேடு இருக்கிறது, அதிகாரம் இல்லை. கைகழுவாமல் ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகும் மூத்த அறுவை மருத்துவரை அவர் நிறுத்திக் கேட்டால் நிர்வாகம் யார் பக்கம் நிற்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வியன்னாவில் 1847இல் இக்னாஸ் செம்மல்வைஸ் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொல்லி, பிரசவ வார்டில் தாய்மார்களின் மரணத்தைப் பெருமளவு குறைத்தும், சக மருத்துவர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். ஜெனீவாவின் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1990களில் படுக்கையருகே ஆல்கஹால் திரவத்தை வைத்து, நிர்வாகமே முன்னின்று இயக்கம் நடத்தியபோது, கைச் சுத்தம் 48 விழுக்காட்டிலிருந்து 66 விழுக்காடாக உயர்ந்தது. மருத்துவமனைத் தொற்றுகள் 16.9இலிருந்து 9.9 விழுக்காடாகக் குறைந்தன. இரண்டு இடங்களிலும் பாடம் தெரிந்திருந்தது. நிர்வாகம் எந்தப் பக்கம் நின்றது என்பதில்தான் வேறுபாடு.

உலகளவில் 2019இல் மருந்து எதிர்ப்புள்ள பாக்டீரியாவே நேரடிக் காரணமாக 12.7 லட்சம் பேர் இறந்ததாகவும், அத்தகைய தொற்றோடு தொடர்புடைய மரணங்கள் 49.5 லட்சம் என்றும் 2022இல் ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. அவை கணித மாதிரிகளின் வழியே வந்த மதிப்பீடுகள். உலகின் பல பகுதிகளிலிருந்து எண்ணிப் பார்க்கத் தரவே இல்லாததால் அப்படிக் கணக்கிட வேண்டியிருந்தது. அந்த வெற்றிடத்தில் ஒரு சிறு பகுதி உங்கள் ஆவண அறையில் அடுக்கப்பட்டிருக்கும் கோப்புகள்தான்.

வீட்டுக்கு அனுப்பும் தாளில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்பார்கள். ஆகவே நானே ஒரு வரைவு எழுதித் தருகிறேன், திருத்திக்கொள்ளுங்கள்.

“உங்கள் சிறுநீரில் கார்பபெனெம் மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா காணப்பட்டது. இப்போது உங்களுக்கு அதனால் நோய் இல்லை; இதற்காக மருந்து சாப்பிட வேண்டியதும் இல்லை. இது சில மாதங்கள் உங்கள் குடலில் இருக்கக்கூடும் என்பதால், கழிப்பறைக்குச் சென்ற பிறகும் உணவைத் தொடும் முன்பும் சோப்பு போட்டுக் கைகழுவுங்கள். குடும்பத்தாரோடு வழக்கம்போல் இருக்கலாம். காய்ச்சல் வந்தாலோ, வேறு மருத்துவமனையில் சேர்ந்தாலோ, ஏதேனும் அறுவை சிகிச்சைக்குச் சென்றாலோ, இந்தத் தாளையும் இத்துடன் இணைத்துள்ள ஆய்வக அறிக்கையையும் முதலில் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே உள்ள எண்ணில் எங்கள் ஆய்வகத்தை எந்த நேரமும் அழைக்கலாம்.”

அந்தக் கடைசி வரியில் உள்ள எண்ணை யாராவது எடுத்துப் பேச வேண்டும். அதற்கான ஆளை நியமிக்கும் உத்தரவு உங்கள் மேசையிலிருந்துதான் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளன் ஒருவன்